சம்சா வந்த வழி

வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் கேக் கடையிலிருந்து வந்துவிடும். தட்டில் அதற்குப் பக்கத்தில் வைக்கும் சம்சாவைத்தான் அடுப்படியில் கூடி உட்கார்ந்து செய்வார்கள். ஒருவர் மாவு தேய்க்க, ஒருவர் வெங்காயம் அரிய, பிள்ளைகள் மடித்துக் கொடுக்கத் தாம்பாளம் நிறைந்துவிடும். கடைப் பலகையிலும் சமையல் புத்தகத்திலும் அதன் பெயர் ‘சமோசா’. திரையரங்க இடைவேளையிலும் ரயில் பெட்டியிலும் பள்ளிக்கூட வாசலிலும் காதில் விழுவது ‘சம்சா’. எழுத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. வாய்ச்சொல்லைக் கொச்சை என்று தள்ளிவிட்டு, ‘சமோசா’தான் செம்மையான வடிவம் என்று நினைப்பவர்கள் பலர்.

சொல்லின் பழைய தடத்தைத் தேடிப் போனால் அந்த எண்ணம் நிற்காது. ‘சமோசா’வே ஏற்கெனவே தேய்ந்த சொல். தமிழ்நாட்டை எட்டுவதற்கு முன்பே அது ஓர் எழுத்தை வழியில் உதிர்த்துவிட்டது. அந்த எழுத்து ‘ப’. அது எந்த ஊரில் உதிர்ந்தது, எந்த ஊரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், இந்தத் தின்பண்டம் எந்த வழியாக எந்த நாட்டுக்குப் போனது என்று சொல்லிவிடலாம்.

‘ஒம்பது’ என்பதைப் போல

சொல்லின் தாய்வீடு பாரசீகம். நடுக்காலப் பாரசீக வடிவம் ‘சன்போசக்’. பிற்காலத்தில் ஈற்றில் இருந்த ககரம் மறைந்து ‘சன்போசா’, ‘சன்பூசா’ என்றாயிற்று. எழுதுவது னகரம்தான், சொல்லும்போது அடுத்து நிற்கும் பகரத்தின் இழுப்பில் அது மகரமாகிவிடும். ‘ஒன்பது’ என்று எழுதிவிட்டு ‘ஒம்பது’ என்று சொல்கிறோமே, அதே ஒலி இயல்பு. ஆக, ஏட்டில் சன்பூசா, நாவில் சம்பூசா. எழுத்துக்கும் வாய்க்குமான பிணக்கு இந்தச் சொல்லுக்குப் பிறப்பிலேயே இருந்திருக்கிறது.

பாரசீகர் தொலைத்த ஈற்றெழுத்து அரபியில் பிழைத்துக்கொண்டது. அரபிகள் அந்த ஈற்றை ‘ஜ்’ ஆக்கி, ‘சன்பூசஜ்’ என்று வழங்கினார்கள். ஐஸ்கிரீம் கடையில் நாம் கேட்டு வாங்கும் ‘பலூடா’வுக்கும் இதே கதைதான்: பாரசீகத்தில் ‘பாலூதா’, பழைய அரபியில் ‘ஃபாலூதஜ்’. உணவுப் பெயர் ஒன்றின் கடைசியில் இந்த ‘அஜ்’ நின்றால், அது பாரசீகத்திலிருந்து வாங்கிய பழைய கடனாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் உடனே ஐயுறுவார்கள். ‘ஜ்’ இருந்த இடத்தில் ‘க்’ வைத்துச் சொல்லும் ‘சம்பூசக்’ என்ற வடிவம் ஈராக்கிலும் லெபனானிலும் இன்றும் வழக்கில் இருக்கிறது.

பாக்தாதில் ஆண்ட அப்பாசியக் கலீபாக்களின் அவையில் இது விருந்துப் பண்டம். 9ஆம் நூற்றாண்டு அரசவைப் பாடகர் இஸ்ஹாக் அல்-மௌசிலி, சன்பூசஜ் செய்யும் முறையையே செய்யுளாக்கினார். 10ஆம் நூற்றாண்டில் கலீபா அல்-முஸ்தக்பியின் அவையில் வேடிக்கையான கூட்டம் ஒன்று கூடியது. வந்தவர்கள் உணவுகளைப் பற்றிய பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அதில் மௌசிலியின் சன்பூசஜ் பாட்டும் இடம்பெற்றதை வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி எழுதிவைத்திருக்கிறார். வீட்டு விருந்துக்குப் புதிய விளையாட்டு தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம், செலவில்லாதது.

1226இல் ஒரு செய்முறை

அல்-பாக்தாதி 1226இல் எழுதிய ‘கிதாப் அல்-தபீக்’ என்ற சமையல் நூலில் சன்பூசஜ் செய்முறை வருகிறது. கொத்திய இறைச்சியைப் பக்குவப்படுத்திப் பூரணமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே மெல்லிசாகச் செய்த ரொட்டியைப் பட்டைகளாக நறுக்கி, பூரணம் வைத்து முக்கோணமாக்கி, வாயைக் கொஞ்சம் மாவால் ஒட்டி, நல்லெண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டும். இறைச்சிக்குப் பதிலாகச் சர்க்கரையும் பொடித்த வாதுமையும் வைத்த இனிப்பு வகையையும் அவர் சொல்கிறார். இந்த இனிப்பு வகையை நினைவில் வையுங்கள். கட்டுரையின் முடிவில் அது தேவைப்படும்.

பூரணத்தையும் பொரிக்கும் எண்ணெயையும் விட்டுவிட்டால், இது நம் டீக்கடை வெங்காயச் சம்சாவின் செய்முறையேதான். மெல்லிய தோல், பட்டையாக நறுக்குதல், முக்கோண மடிப்பு, மாவுப்பசை எல்லாம் அப்படியே இருக்கின்றன. வட இந்தியக் கடைகளில் கிடைக்கும் கனத்த தோல் சமோசா வேறு கிளை. ஓமம் போட்டு, நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசைந்த மாவைத் தேய்த்து, பாதியாக வெட்டிக் கூம்பாக்கி, மசித்த உருளைக்கிழங்கை அடைப்பார்கள். அதைத்தான் ‘அசல்’ என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்து சேர்க்கும்வரை ஆசியாவில் எந்தச் சமையற்காரரும் அவற்றைக் கண்டதில்லை. சமோசா என்ற பெயருக்கும் உருளைக்கிழங்குக்கும் பிறவித் தொடர்பு எதுவும் கிடையாது.

டெல்லி, மாண்டு, அக்பர் அவை

பாரசீக மொழி பேசிய அவைகளோடு சொல் டெல்லிக்கு வந்தது. அமீர் குஸ்ரோவின் பெயரில் (1253–1325) வழங்கும் விடுகதைகளில் ஒன்று சமோசாவைப் பற்றியது. சமோசாவைப் பற்றி ஒரு கேள்வி, செருப்பைப் பற்றி ஒரு கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்றே. விடையில் வரும் ‘தலா’ என்ற சொல் பொரித்ததையும் குறிக்கும், செருப்பின் அடித்தோலையும் குறிக்கும். ஒரு பண்டத்தின் பெயர் ஊர் விடுகதையில் ஏறிவிட்டதென்றால் அது அரண்மனையை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா, முகமது பின் துக்ளக்கின் அவை விருந்தில் இதைச் சாப்பிட்டார். வாதுமை, அக்ரோட்டு, பிஸ்தா, வெங்காயம், மசாலா சேர்த்துச் சமைத்த கொத்துக்கறியை மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்தது என்று அவர் வருணிக்கிறார். மாளவத்து மாண்டுவில் சுல்தான் கியாத் ஷா ஆட்சியில் தொடங்கி, அவர் மகன் காலத்தில் முடிந்த ‘நிமத்நாமா’ என்ற சமையல் ஏட்டில் சமோசா வகைகள் பல உள்ளன. 1500ஐ ஒட்டி உருவான அந்த ஏடு சித்திரங்களோடு இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சுல்தான் அமர்ந்திருக்க, அவர் கண்ணெதிரே சமையல் நடக்கும் காட்சிகளை அதில் பார்க்கலாம்.

பெயரின் வரலாற்றில் சுவையான திருப்பம் அக்பர் காலத்தில் நேர்கிறது. அபுல் ஃபசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘அயினி அக்பரி’யில் அரண்மனை உணவுப் பட்டியல் இருக்கிறது. அதில் இந்தப் பண்டத்தின் பெயர் ‘குதாப்’. ‘இந்துஸ்தானத்து மக்கள் இதைச் சன்பூசா என்பார்கள்’ என்று விளக்கம் வேறு தருகிறார். 10 சேர் இறைச்சிக்கு 4 சேர் மாவு என்று அளவும் சொல்லி, 20 விதமாகச் சமைக்கலாம் என்கிறார். பாரசீகத்தில் பிறந்த சொல் முன்னூறு ஆண்டு இங்கே தங்கியதில், பாரசீகத்தில் எழுதும் ஒருவருக்கே அது உள்ளூர்ச் சொல்லாகிவிட்டது. ‘குதாப்’ என்ற பெயர் இந்தியாவில் நிலைக்கவில்லை. அஜர்பைஜானில் அந்தப் பெயரில் ஒரு மடித்த ரொட்டி இன்றும் உண்டு.

வந்த பெயரை ஏற்காமல் தங்கள் பெயரையே இட்டவர்களும் இருக்கிறார்கள். வங்காளத்தில் இது ‘சிங்காரா’, ஒடிசாவில் ‘சிங்காடா’. கொம்பு முளைத்த முக்கோண வடிவில் நீரில் விளையும் ஒரு காய்க்கு வடமொழியில் சிருங்காடகம் என்று பெயர். வடிவ ஒற்றுமையால் அந்தப் பெயரைப் பண்டத்துக்கும் கொடுத்துவிட்டார்கள்.

உதிர்ந்த எழுத்து

இனி அந்தப் பகரத்துக்கு வருவோம். உலகில் இந்தப் பண்டத்துக்கு வழங்கும் பெயர்களில் பலவற்றை இரண்டு வரிசையாகப் பிரிக்கலாம். பகரத்தைக் காப்பாற்றியவர்கள் ஒரு வரிசை: தஜிகிஸ்தானிலும் சவூதி அரேபியாவிலும் ‘சம்பூசா’, சோமாலியாவில் ‘சம்பூஸ்’, கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலியில் ‘சம்பூசா’. பகரத்தை இழந்தவர்கள் மறு வரிசை: இந்தியில் ‘சமோசா’, பர்மாவில் ‘சமூசா’, ரெயூனியன் தீவில் ‘சமூசா’, தென்னாப்பிரிக்காவில் ‘சமூசா’, போர்த்துகீசியத்தில் ‘ஷமூசா’.

முதல் வரிசை பாரசீக, அரபு வழியில் நேராகப் பெற்ற வரிசை. இரண்டாம் வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் இந்தியாவிலிருந்து பெற்றவர்கள். போர்த்துகீசியர் கோவாவில் கற்றார்கள். அங்கிருந்து அது லிஸ்பனுக்கும் மொசாம்பிக்குக்கும் போனது. ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மாவுக்குக் குடிபெயர்ந்த இந்தியர்கள் கொண்டுபோனார்கள். ரெயூனியனுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள். தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1860 முதல் தமிழரும் தெலுங்கரும் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். பின்னாலேயே குஜராத்தி வணிகர்களும் போனார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘ப’ இருக்கிறது. அதே கண்டத்தின் தென்முனையில் ‘ப’ இல்லை. நடுவில் கோடு கிழித்தது நிலம் அல்ல, கப்பல் எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது என்பதுதான்.

இந்தியாவில் அது ஏன் உதிர்ந்தது? இந்தியில் ‘ம்ப’ என்ற இணை பல சொற்களில் தேய்ந்துவிடும். வடமொழி ‘நிம்ப’ இந்தியில் ‘நீம்’. ‘ஜம்பு’ அங்கே ‘ஜாமுன்’. மாம்பழத்துக்கான பிராகிருத ‘அம்ப’ அங்கே ‘ஆம்’. பாரசீகச் சொற்களுக்கும் இதே கதிதான். குவிமாடத்தைக் குறிக்கும் ‘கும்பத்’தையும் பாரசீகத்தில் னகரம் போட்டே எழுதுவார்கள். அது இந்துஸ்தானியில் ‘கும்மட்’ ஆனது. பிஜாப்பூர் கோல் கும்பஸைக் கன்னடர் ‘கோல கும்மட’ என்பார்கள். நம் பழைய நூல்களிலும் கட்டடத் தொழிலிலும் வழங்கும் ‘கும்மட்டம்’ அதே வழியில் வந்து சேர்ந்த சொல். சம்போசா சமோசா ஆனதும் கும்பத் கும்மட் ஆனதும் ஒரே நாவின் வேலை.

தமிழ் நாவு இதைச் செய்திருக்காது. நமக்கு ‘ம்ப’ மிகவும் பிடித்த இணை. வேம்பு, பாம்பு, கம்பு, தும்பை, கரும்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வடக்கே ‘நீம்’ என்று தேய்ந்த இடத்தில் நாம் ‘வேம்பு’ என்று முழுசாகச் சொல்கிறோம். காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் அரபுக் கப்பல்கள் பல நூற்றாண்டுகள் வந்துபோயின. அந்தக் கப்பலில் நேராக இந்தப் பண்டம் இறங்கியிருந்தால் நம் வாயில் இன்று அது ‘சம்பூசா’ என்றே நிலைத்திருக்கும். அப்படி இல்லை. எனவே, பெயர் தமிழுக்கு வந்தது தரைவழியே, இந்துஸ்தானி பேசியவர்களின் வாய்வழியே என்று துணிந்து சொல்லலாம்.

தமிழ் நாவு செய்த வேலை

பகரத்தைத் தமிழ் உதிர்க்கவில்லை, வேறொன்றை உதிர்த்தது. ‘சமோசா’வின் நடுவில் நிற்கும் ஓகாரத்தை விழுங்கிச் ‘சம்சா’ ஆக்கியது. ‘சாப்பிடு’ நம் பேச்சில் ‘சாப்டு’, ‘கூப்பிடு’ ‘கூப்டு’. முதல் அசையை அழுத்திச் சொல்லி நடு உயிரை விடுவது தமிழ்ப் பேச்சின் நிரந்தர வழக்கம். அந்த விதிக்கு உட்பட்டே சமோசா சம்சா ஆனது, சோம்பலால் விளைந்ததல்ல.

வியப்பு என்னவென்றால், வேறொரு கோடியில் வேறொரு மொழிக்குடும்பம் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உஸ்பெக்கியர் இதைச் ‘சோம்சா’ என்கிறார்கள். கிர்கிசியரும் உய்குர் மக்களும் ‘சம்சா’ என்றே சொல்கிறார்கள். அவர்கள் எண்ணெயில் பொரிப்பதில்லை. தந்தூரி அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள், உள்ளே ஆட்டிறைச்சி. சமர்கந்தின் கடைத்தெருவில் ஒரு தமிழர் ‘சம்சா’ என்று கேட்டால் பண்டம் கைக்கு வந்துவிடும். இரண்டு நாவும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றவை அல்ல. தனித்தனியே தேய்த்து ஒரே வடிவத்தைப் பெற்றவை.

பெயரோடு பண்டமும் தமிழ்நாட்டில் மாறிக்கொண்டது. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு முறை இது. மைதாவை உப்பும் இரண்டு கரண்டி எண்ணெயும் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து அரைமணி மூடி வைக்க வேண்டும். சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்த்து, இடையிடையே எண்ணெய் தடவி மாவு தூவி, மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேர்த்து மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். தோசைக்கல்லில் இரண்டு புறமும் சூடு மட்டும் காட்டி எடுத்தால் ஏடு ஏடாகப் பிரிந்து வரும். அதைப் பட்டைகளாக நறுக்கிக்கொண்டு, உலராமல் ஈரத்துணியால் மூடி வைக்கலாம். நீளவாக்கில் அரிந்த வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லித் தழை, ஒரு பிடி அவல் ஆகியவை பூரணம். வெங்காயம் விடும் நீரை அவல் இழுத்துக்கொள்வதால் தோல் நமுத்துப்போகாது. பட்டையின் ஒரு முனையைக் கூம்பாக மடித்து, பூரணம் வைத்து, முக்கோணம் மாறாமல் மடித்துக்கொண்டே போய்க் கடைசி முனையை மைதாப் பசையால் ஒட்டினால் முடிந்தது. எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். அதிகம் காய்ந்திருந்தால் மேலே கொப்புளம் கட்டி உள்ளே மாவாகவே நிற்கும்.

சோமாசு யாருடைய பிள்ளை?

தீபாவளிக்குத் தமிழ் வீடுகளில் செய்யும் சோமாசைக் கவனியுங்கள். மைதாவும் ரவையும் பிசைந்த மேல்மாவு. பொட்டுக்கடலைப் பொடி, சர்க்கரை, வறுத்த தேங்காய், கசகசா, ஏலக்காய் சேர்ந்த பூரணம். வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, பாதியாக மடித்து, பல்சக்கரம் வைத்த சோமாஸ் கரண்டியால் ஓரத்தை வெட்டுவார்கள். கரண்டி இல்லாத வீட்டில், துணியின் ஓரத்தை மடித்து மடித்துத் தைப்பதுபோல, விரலாலேயே ஓரத்தைக் கிள்ளி முறுக்கிக்கொண்டு வருவார்கள்.

இதே அரைவட்ட இனிப்பு பிற மாநிலங்களிலும் உண்டு. தெலுங்கில் கஜ்ஜிகாயலு, கன்னடத்தில் கர்ஜிகாயி, மராத்தியில் கரஞ்சி, கோவாவில் நெவ்ரி, இந்தியில் குஜியா. தமிழில் மட்டும் சோமாசு, சோமாசி, சோமாஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ‘சோமன்’ என்றால் நிலா. அரைநிலா வடிவத்தால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘சோமன்’ புலவர் வழக்கு. மாவு பிசையும் கைகள் பண்டத்துக்குப் பெயர் வைக்கும்போது அதைத் தேடிப் போவது அரிது. அரைநிலா வடிவில் பிடிக்கும் கொழுக்கட்டைக்கு அப்படி யாரும் பெயர் வைக்கவில்லை. பின்னொட்டாக நிற்கும் ‘ஆசு’, ‘ஆசி’ என்பதற்கும் அந்த விளக்கத்தில் பொருள் இல்லை.

நான் சாய்வது சமோசாவின் பக்கம். ச, ம, ச என்ற மெய்வரிசை இரண்டிலும் ஒன்றே. ஓகாரமும் அகரமும் இடம் மாறியிருக்கின்றன. சொல்லுக்குள் ஒலிகள் இடம் மாறுவது தமிழுக்குப் புதிதல்ல. தசை சதையானதும், சிவிறி விசிறியானதும், பேச்சில் குதிரை குருதையாவதும் அப்படித்தான். பொருளும் ஒத்துவருகிறது. மாவுத் தோலுக்குள் பூரணம் வைத்து, மடித்து, ஓரம் ஒட்டி, எண்ணெயில் பொரிப்பது என்ற நான்கு வேலைகளும் இரண்டுக்கும் பொது. இனிப்பாக இருக்கிறதே என்று தடை சொல்ல முடியாது. சர்க்கரையும் வாதுமையும் வைத்த வகை 1226இலேயே பாக்தாதில் இந்தப் பெயரின்கீழ் இருந்தது. வாதுமைக்குப் பதில் பொட்டுக்கடலை வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் ஒரே சொல் தமிழுக்குள் இரண்டு தடவை நுழைந்திருக்கிறது. முன்னே வந்தது சோமாசாகிப் பண்டிகை அடுப்படியில் குடியேறியது; பின்னே வந்தது சம்சாவாகி டீக்கடையில் குடியேறியது.

பண்டம் ஒன்றாயிருந்தும் பெயர் பிரிந்த இடங்களும் உண்டு. ஈழத்தமிழர் வீட்டுப் பிறந்தநாள் தட்டில் பற்றீஸ் இருக்கும். மலேசியத் தமிழர் கறிபாப் வாங்குவார்கள். அவையும் பூரணம் மடித்துப் பொரித்தவைதான். ஆனால் அந்தப் பெயர்களில் ஐரோப்பியர் ஆட்சியின் தடம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பண்டத்தைப் பிட்டுப் பார்த்தால் தெரியும். யார் கையிலிருந்து வாங்கினோம் என்பதைப் பெயரைப் பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

‘சம்சா’ கொச்சை என்று தள்ள இனிக் காரணம் இல்லை. ககரத்தைப் பாரசீகம் விட்டது, பகரத்தை வடநாடு விட்டது, ஓகாரத்தைத் தமிழ் விட்டது. முதல் இரண்டும் திருந்திய வழக்கு, மூன்றாவது மட்டும் பிழை என்று சொல்வது நேர்மையல்ல. அகராதி தொகுப்போர் ‘சமோசா’வுக்குப் பக்கத்தில் ‘சம்சா’வையும் தனிச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த தீபாவளிக்கு வீட்டில் பூரணம் கிளறும்போது, அம்மாவும் பாட்டியும் அத்தையும் அந்தப் பண்டத்தைச் சோமாசு என்கிறார்களா, சோமாசி என்கிறார்களா, வேறு பெயர் சொல்கிறார்களா என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள். சமையல் சொற்களின் வரலாற்றுக்கு ஏட்டுச் சான்று குறைவு. சொல்லித்தர ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வதுதான் வழி.